சூடான தேநீருடன் வரவேற்றார்

தேத்தண்ணி இருந்தது உண்மைதான். அதை நகுலேஸ்வரி மறுக்கவில்லை. ஆனால் குடித்தது ஆர்? அதைக் கேட்க இந்த ஊரில் ஒரு நாதியில்லை. காலை பத்து இருபதுக்கு மூலன்ஹார்ட் ஸ்ரேசனின் ஒற்றை மேடையில், மழையில் ஊறி வெயிலில் காய்ந்து நிறம் செத்துப்போன மர வாங்கில் வந்து குந்தியவள், கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே ஒரு கடதாசி. பதினொரு மணிக்கு எக்கார்ட் வாத்தியார் சைக்கிளில் வந்து அதை வாங்கிக்கொண்டு போவார். பன்னிரண்டுக்கு முன்னம் அச்சகத்தில் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அல்லவா, ஜேர்மனியில் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எமனே வந்தாலும் திங்கட்கிழமை வரச்சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். கடதாசியின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் அவளுடைய கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. வைத்தால் இரண்டு வசனமும், அதற்குக் கீழே சேலையோடு அவள் நிற்கிற படமும், இந்த ஸ்ரேசனின் நூற்று முப்பது வருசக் கதையைச் சொல்லுகிற பெரிய பலகையில் ஏறிவிடும். காத்திருப்பு மண்டபத்துச் சுவரில் தொங்கும். அவள் செத்த பிறகும் தொங்கும். வசனம் அவளுக்கு மனப்பாடம். ‘1986: இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகள் எமது காத்திருப்பு மண்டபத்தைக் கோயில் என்று எண்ணி, வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்தார்கள். நிலைய அதிபர் ஹோல்ட்காம்ப் அவர்களைச் சூடான தேநீருடன் வரவேற்றார்.’ டொச் மொழியில் வாசித்தால் இன்னும் அழகு. நாற்பது வருசம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்திய கை எழுதினதல்லவா, ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை, பொய் மட்டும்தான் கொஞ்சம் கூட.

கோயில் என்று ஆர் எண்ணினது? கோயிலைத் தெரியாத சனமா அவர்கள்? நிலம் மினுங்கியது, அவ்வளவுதான் சங்கதி. மெழுகு பூசித் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள், அதிலே சேற்றுக் காலோடு ஏற எங்கடை ஆட்களுக்கு மனம் வருமா. ஆஸ்பத்திரி என்றாலும் கழற்றுவோம், வங்கி மனேச்சர் வீடு என்றாலும் கழற்றுவோம், யாரும் கேட்காமலே கழற்றுவோம், அது பிறந்த குணம். முதல் கழற்றியது அவள் புருசன் சபாபதி. குனிந்து, நாடாவை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனான். பின்னால் வந்த பத்துப்பேரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கழற்றினார்கள். பதினொரு சோடி, கூரையில்லாத படியில், பெப்ரவரி மாதம் பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பனி என்றால் என்னவென்று அறியாத சனம் செய்கிற விசர் வேலை. இப்போது நினைத்தாலும் அவளுக்கு வெட்கமாக இல்லை. என்ன வெட்கம்? மரியாதை செய்தவனுக்கு வெட்கமா, அதைப் பார்த்துச் சிரித்தவனுக்கு வெட்கமா? இடது கால் சின்னி விரல் சப்பாத்துக்குள் மரக்கட்டையாகக் கிடந்தது. முப்பத்தேழு வருசமாக அதற்கு உணர்ச்சி இல்லை. ஒக்டோபர் குளிர் தொடங்கினால் மட்டும் அதைச் சுற்றியிருக்கிற இடம் எரியும். அவள் காலை ஒருதரம் நிலத்தில் தட்டிவிட்டு எதிரே தண்டவாளத்தைப் பார்த்தாள்.

தண்டவாளம் இரண்டு. முன்பு ஆறு இருந்ததாம். பலகையில் எல்லாம் வருகிறது, வாத்தியார் ஒன்றையும் விடவில்லை. 1893இல் திறந்தது, மலைக்குப் பின்னாலிருந்து கருங்கல் ஏற்றத்தான் முதலில் பாதை போட்டது, மனிதர் ஏறினது பிறகுதான். காசுக்காரருக்கு ஒரு காத்திருப்பு மண்டபம், மற்றச் சனத்துக்கு ஒரு மண்டபம், நடுவே சுவர். முதலாம் சண்டைக்குப் பெடியன்கள் தொப்பியில் பூக்குத்திக்கொண்டு இதே மேடையில் ஏறினவர்களாம், அதில் பாதி திரும்பவில்லை. 1942இல் துணிக்கடை ப்ளூமன்தால் குடும்பம், யூதர்கள், தாய் தகப்பன் இரண்டு பெட்டைகள், காலை ஏழு பத்து ரெயிலில் அனுப்பப்பட்டார்கள், ஊர் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வரியைப் போடத்தான் வாத்தியார் நாலு வருசம் ஊர் வரலாற்றுச் சங்கத்தோடு மல்லுக்கட்டினவர். ஒருத்தர் அவருடைய தபால்பெட்டிக்குள் குப்பை கொட்டினார், இன்னொருத்தர் ரொட்டிக்கடையில் வைத்து முகத்துக்கு நேரே ஏசினார், மனிசன் அசையவில்லை. அப்பேர்ப்பட்ட ஆள்தான் போன கிழமை அவளுடைய குசினியில் கோப்பி குடித்துக்கொண்டு சொன்னவர், “ஃப்ரௌ சபாபதி, இந்தப் பலகை முழுக்கக் குளிர். கல்லும் சண்டையும் சாவும். ஒரு மூலையிலாவது கொஞ்சம் சூடு இருக்கட்டும். உங்கள் கதைதான் அந்தச் சூடு.” அவர் கண் கலங்கிவிட்டது. எண்பத்திரண்டு வயது. அவளுக்கு டொச் படிப்பித்ததே அவர்தான், சதம் வாங்காமல், மூன்று வருசம், செவ்வாயும் வியாழனும். அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லையென்று சொல்வது? அவள் கடதாசியை வாங்கி வைத்தாள், பலகாரம் கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகுதான் வாய்க்குள் பெரிய கோபம் வந்து நின்றது. ஊர் குளிர் காய நான் விறகோ?

சரி, நடந்தது என்ன. ஒருதரம் ஒழுங்காக நினைப்போம், இல்லாவிட்டால் அவர்களுடைய கதையே எங்கடை கதையாகிப் போகும், பாதி போய்விட்டது ஏற்கெனவே. ஒன்று இருபதுக்கு ரெயிலால் இறங்கினார்கள். பெரிய முகாமிலிருந்து இந்த ஊருக்கு மாற்றி, கையில் ரிக்கற்றும் ஒரு துண்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். துண்டில் ஐந்து மணிக்கு பஸ் வந்து ஏற்றும் என்று எழுதியிருந்தது. மண்டபம் திறந்திருந்தது, நிலம் மினுங்கியது, சப்பாத்தைக் கழற்றினார்கள், உள்ளே மூலையில் இரும்புக் குழாய் சுட்டுக்கொண்டிருந்தது, அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நாற்பது நிமிசம் அவள் வாழ்க்கையில் அப்படியொரு சுகம் கண்டதில்லை. இரண்டு மணிக்கு ஹோல்ட்காம்ப் வந்தார். சிவப்புத் தொப்பி, கருநீல மேற்சட்டை, கையில் வளையத்தில் கோர்த்த திறப்புக் கொத்து. கொத்தை ஆட்டிக்காட்டி “ஷ்லுஸ்” என்றார். முடிந்தது, பூட்டுகிறோம் என்று அர்த்தம். அது ஆருக்குத் தெரியும் அப்போது? பஸ் வந்துவிட்டதாக்கும் என்று எல்லாரும் சந்தோசமாக வெளிக்கிட்டு, அவருக்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள். பருத்தித்துறைப் பெடியன் ஒருவன் கையெடுத்தே கும்பிட்டான். பின்னால் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. பஸ்ஸைக் காணவில்லை. சப்பாத்துகளுக்குள் பனி நிரம்பியிருந்தது. ஹோல்ட்காம்ப் அந்தப் பதினொரு சோடியையும் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார், கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, பிள்ளைகளின் குழப்படியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. பிறகு மாடிக்குப் போனார், ஸ்ரேசன் மேல்மாடியில்தான் அவருக்கு வீடு. கொஞ்ச நேரத்தில் யன்னலில் வந்து நின்றார், கையில் கோப்பை, ஆவி பறந்தது. அதுதான் அந்தச் சூடான தேநீர். மூன்று மணித்தியாலம். சபாபதி தன் காலுறையைக் கழற்றிப் பிழிந்து அவளுடைய காலில் சுற்றிவிட்டான். ஐந்து மணிக்கு பஸ் வந்தது. ஒருத்தரும் சாகவில்லை. அதுதான் கரைச்சல். ஆராவது செத்திருந்தால் சொல்லச் சுகம், கேட்கிறவனும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பான். ஒரு விரல் விறைத்ததற்கு என்ன வழக்குப் பேசுவது?

பிறகு அது பகிடிக் கதையாகிவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் ஊர்த் திருவிழாவில் ஹோல்ட்காம்ப் பியர் கோப்பையோடு வந்து அவள் ரோல்ஸ் பொரித்து விற்கிற மேசைக்கு முன்னால் நின்று, சுற்றி ஆட்களைச் சேர்த்து, சப்பாத்துக் கதையைச் சொல்லுவார். தொடக்கத்தில் சப்பாத்து மட்டும்தான். கோயில் பிறகு வந்தது. தேத்தண்ணி தொண்ணூற்றைந்தில் வந்தது, அவளுக்கு நல்ல ஞாபகம், அந்த வருசம்தான் அவள் முதல்தரம் கேட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். ரெண்டாயிரத்து மூன்றில் பிஸ்கற்றும் வந்தது. நல்லகாலம், வாத்தியார் பிஸ்கற்றை வெட்டிவிட்டார். அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். அதைச் சொல்லத்தானே வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள், ஓம் ஓம், யா யா, நாங்கள் அப்படித்தான், சப்பாத்தைக் கழற்றிப்போட்டம். பதினைஞ்சு பதினாறு வருசம் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அந்தப் படம், தொண்ணூற்றொன்பதில் எடுத்தது, மயில்பச்சைச் சேலை, கையில் ரோல்ஸ் தட்டு. பார்க்கிறவன் தேத்தண்ணி தந்தது உண்மை என்று சத்தியம் பண்ணுவான்.

போன் அடித்தது. மகன் நிரோஜன். இப்போது அடிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

“அம்மா, சைன் வைச்சிட்டீங்களோ?”

“இல்லைத் தம்பி.”

“ஏன்?”

“பேனை இல்லை.”

“பகிடி விடாதேங்கோ அம்மா. நான் ஒபிசிலை நிண்டு கதைக்கிறன். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கடை கட்சித் தேர்தல் பட்டியல்லை முதலாவது ஆள் உல்ரிக்கே. ஹோல்ட்காம்ப்பின்ரை மகள். அவதான் என்னை மூண்டாவதா போட்டவ. மூண்டாவது எண்டா நான் நகரசபைக்குள்ளை போறது நிச்சயம். மற்ற ஆக்கள் என்னைப் பதினைஞ்சாவதாப் போட எண்டு நிண்டவை.”

“உன்னைப் போட்டது உன்ரை கெட்டித்தனத்துக்கு. அவவின்ரை தேப்பன் தந்த தேத்தண்ணிக்கு இல்லை.”

“ரெண்டு வரி அம்மா. தந்தா என்ன, தராட்டி என்ன. ஆர் உதைப் பாக்கப் போறாங்கள்?”

“ஒருத்தரும் பாக்காட்டி ஏன் எழுதுவான்?”

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு குரலைத் தணித்து, “அப்பா இருந்திருந்தா வைச்சிருப்பார்,” என்றான்.

வாத்தியார் வரப்போறார், வைக்கிறன் என்று சொல்லிப் போனை வைத்தாள். போனை வைக்கிறனா, கையெழுத்தை வைக்கிறனா, என்னவென்று விளங்கினானோ தெரியாது, விளங்கினமாதிரி விளங்கட்டும்.

அப்பா இருந்திருந்தால் வைத்திருப்பார். ஓம், வைத்திருப்பார். முதல் சப்பாத்தைக் கழற்றின மனிசன்தானே. எந்தக் கந்தோரில் எந்தக் கடதாசியை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, “உவங்களோடை கொழுவி என்னத்தைக் காணப்போறம்” என்று வீட்டுக்கு வந்து சொல்லுகிற மனிசன். நல்ல மனிசன். நாலு வருசம் முன்னம் நல்ல மனிசனாகவே செத்தும்போனான். அதற்காக? அவன் காலுறையைப் பிழிந்தபோது அவள் பார்த்தாள் அந்த முகத்தை. இருபத்தேழு வயது, கட்டின பெண்சாதிக்கு முன்னால், படியில் குந்தியிருந்து, மேலே யன்னலைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்ட முகம். அதைப் பற்றி அவன் ஒருநாளும் கதைக்கவில்லை. திருவிழாவில் ஹோல்ட்காம்ப் கதை தொடங்கினால் சிகரெட் வாங்கப் போய்விடுவான். சிகரெட் குடிக்காத ஆள்.

பத்து நாற்பத்தேழு ரெயிலைக் காணவில்லை. பிந்துகிறது என்று மேடையின் மின்பலகையில் எழுத்து ஓடியது. ஹோல்ட்காம்ப் இருந்தால் இந்தப் பிந்தலுக்கு நெஞ்சு வெடித்துச் செத்திருப்பார். பென்சன் எடுத்த பிறகும் தினமும் வந்து இதே வாங்கில் இருந்து, கைமணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ரெயிலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்பார். ரெண்டாயிரத்தெட்டில் ஒரு நாள், அவள் துடைத்துவிட்டு வாளியோடு வெளியே வர, கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான், அதையும் சொல்லத்தானே வேண்டும். தொண்ணூற்று மூன்றில் மண்டபம் துப்பரவாக்க ஆள் தேடியபோது, “அந்தச் சப்பாத்துப் பெண்ணை எடுங்கள், நிலத்துக்கு மரியாதை தெரிந்தவள்” என்று சொன்னாராம். அடுத்த வருசம் ரிக்கற் யன்னலையும் இழுத்து மூடி, இயந்திரம் ஒன்றை நட்டுவிட்டு, ஆட்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். போகிற அன்று திறப்புக் கொத்தை அவளுடைய கையில் தந்தது அவர்தான். அந்த நாள் வாங்கில் இருந்து அவர் சொன்னார், தானும் இந்த ஸ்ரேசனுக்கு வெளியூரிலிருந்து வந்தவன்தானாம். நாற்பத்தாறாம் ஆண்டு, சண்டை முடிந்து கிழக்கிலிருந்து துரத்திவிட்ட ஜேர்மன் சனத்தோடு, சரக்குப் பெட்டியில், ஏழு வயதில். முப்பது குடும்பம் அந்த மண்டபத்துக்குள் மூன்று கிழமை கிடந்ததாம். அவர் வாங்குக்குக் கீழே படுத்தாராம். “அப்படியென்றால் எங்களை ஏன் வெளியே விட்டீர்கள்?” என்று அவள் கேட்டாள். இருபத்திரண்டு வருசம் கழித்துக் கேட்டாள், வாளி கையில் இருந்த துணிச்சலில். அவர் கோபப்படவில்லை. யோசித்தார். “மூன்று கிழமை ஆட்கள் கிடந்தால் நிலம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும்,” என்றார். “அந்த மணம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.” பிறகு ரெயில் வந்தது, மணிக்கூட்டைப் பார்த்தார், இரண்டு நிமிசம் பிந்தல் என்றார். அப்போது அவளுக்கு அவரைக் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. மூன்று வருசத்தில் செத்துப்போனார், செத்தவீட்டுக்குப் பூ கொண்டு போனாள்.

நிலம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். இந்த வசனத்தில் வந்து மனம் எப்போதும் தடக்கும். தடக்கினால் அங்காலே மற்ற ஞாயிற்றுக்கிழமை நிற்கும், அதை அவள் பார்க்க விரும்புவதில்லை. வேறு எதையாவது நினைப்போம். காங்கேசன்துறை ஸ்ரேசன், அவள் பிறந்த ஊர், வடக்கே பாதை முடிகிற இடம். அங்கே ஆர் பூட்டினது? பூட்டக் கதவிருந்தால்தானே. மாடும் படுக்கும் மனிசரும் படுப்பினம். பிறகு சண்டை வந்து தண்டவாளத்தையே பிடுங்கிப் பங்கருக்குக் கூரை போட்டார்கள். திரும்ப ரெயில் ஓடினது ரெண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம், வீடியோவில் பார்த்து அழுதாள். ரெண்டாயிரத்துப் பதினைந்து. பார், எங்கே சுத்தினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த வருசம் ஒக்டோபர் நாலு. கோதாரி விழுந்த ஞாயிற்றுக்கிழமை.

சரி, வரட்டும். ஆருக்குப் பயம். அன்றைக்கு மழை. அவள் விடியவே வந்து நிலத்துக்கு மெழுகு பூசியிருந்தாள், திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது, முழங்கால் நோக நோகத் தேய்த்தாள். ஒன்று இருபது ரெயிலால் ஒன்பது பேர் இறங்கினார்கள். சிரியாக்காரர். ஒரு கிழவர், இரண்டு பெண்கள், பிள்ளைகள், கையில் அதேமாதிரித் துண்டு, ஐந்து மணிக்கு பஸ். அவர்கள் நேரே உள்ளே போனார்கள். சப்பாத்தோடு. சேறும் சகதியும் அப்பின சப்பாத்தோடு, அவள் தேய்த்த நிலத்தில், இங்கேயிருந்து அங்கேவரை. அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, உச்சந்தலையிலிருந்து வந்தது. நாங்கள் கழற்றினனாங்கள். நாங்கள் பனிக்குள்ளை கழற்றினனாங்கள், உங்களுக்கு ஒரு மரியாதை தெரியாதோ? கோபம் மட்டும்தானா? இல்லை, பொய் சொல்லக்கூடாது, இன்றைக்காவது பொய் சொல்லக்கூடாது. முதல் நாள் ரொட்டிக்கடையில் ஒருவன் அவளைப் பார்த்து, “இப்போது உங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே” என்றான். உங்கள் ஆட்கள். இருபத்தொன்பது வருசம் கழித்து. அவள் அவர்களுடைய ஆளில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. ஆருக்குக் காட்ட? மேடையில் ஒரு குருவிகூட இல்லை. இரண்டு மணியானது. அறிவித்தலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஞாயிறு இரண்டு மணியோடு மண்டபம் மூடப்படும். அவள் திறப்புக் கொத்தை எடுத்தாள். ஆட்டினாள். “ஷ்லுஸ்” என்றாள். அவர்கள் பஸ் வந்துவிட்டது என்று நினைத்தார்கள் போல, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு, அவளுக்குத் தலை குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் உள்பக்கமாக நின்று பூட்டினாள்.

அதற்குப் பிறகும் இருக்கிறது. அதைத்தான் அவள் எட்டு வருசமாக விழுங்கிக்கொண்டு திரிகிறாள். சபாபதியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை, ஐந்து வயது இருக்கும், தாயின் கையை விட்டுவிட்டு ஓடிவந்து கதவுக் கண்ணாடியில் தட்டியது. இரண்டு காலையும் நெருக்கிக்கொண்டு நின்றது. எந்தப் பாசைக்காரருக்கும் அது விளங்கும். கக்கூஸ் உள்ளேதான் இருந்தது, திறப்பு கையில் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஏன் ஆட்டினாள், அவளுக்கே தெரியாது, துடைத்து முடித்த கை, பூட்டின கை, அது தன்பாட்டில் பூட்டினபடி நின்றது. பிள்ளை அங்கேயே நின்று நனைத்துவிட்டது. தாய் வந்து தூக்கிக்கொண்டு போனாள். ஏசவில்லை, திரும்பி ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். நகுலேஸ்வரி உள்ளே சேறு துடைத்தாள். மூன்று மணித்தியாலமும் துடைத்தாள், துடைக்க அவ்வளவு சேறு அங்கே இல்லை. பஸ் வந்து போன பிறகுதான் பின்கதவால் வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை வந்தவர்கள் நிலத்தைப் பாராட்டினார்கள். எழுத்திலும் கொடுத்தார்கள்.

ரெயில் ஏழு நிமிசம் பிந்தி வந்தது. மூன்று பெட்டி, சிவப்பு நிறம். இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு சைக்கிள்காரன் ஏறினான், கதவுகள் கீச்சிட்டு மூடின, போய்விட்டது. அவள் கடதாசியை வெளியே எடுத்து மடியில் விரித்தாள். கையெழுத்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது ஒருதரம் கணக்காக யோசித்தாள். அவளுடைய வரி இல்லாமலே பலகை தொங்கும், சேலைப் படம் இராது, ஊர் தேத்தண்ணிக் கதையைத் திருவிழாவில் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கும், மகன் நகரசபைக்குப் போவான், வாத்தியார் கொஞ்சம் மனம் நோவார், ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருசம் சிரித்தாயிற்று, இனிச் சும்மாவும் இருக்க வேண்டுமா? சீ, போதும். கைப்பையின் அடியில் பேனை இருந்தது. எப்போதும் இருந்ததுதான். வாத்தியாருடைய இரண்டு வசனத்தையும் வெட்டிக் கோடு இழுத்தாள், ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு. கடதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த டொச்சில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பெரிய எழுத்தில், எழுதத் தொடங்கினாள்.

வாத்தியார் பதினொன்று ஐந்துக்கு வந்தார், மழைக்கோட்டும் சைக்கிள் தொப்பியுமாக, கன்னம் சிவந்து. பக்கத்தில் இருந்தார். கடதாசியை வாங்கி, முன்பக்கத்துக் கோடுகளைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார். ஒருதரம் மனதுக்குள் வாசித்தார். பிறகு வாய்விட்டு வாசித்தார், மெதுவாக. “1986 பெப்ரவரி 16, ஞாயிறு, இரண்டு மணி. நிலைய அதிபர் ஹோல்ட்காம்ப் பதினொரு தமிழ் அகதிகளை வெளியே விட்டு மண்டபத்தைப் பூட்டினார். பனி. ஐந்து மணிவரை வெளியே நின்றார்கள். 2015 ஒக்டோபர் 4, ஞாயிறு, இரண்டு மணி. துப்பரவுப் பணியாளர் நகுலேஸ்வரி சபாபதி ஒன்பது சிரிய அகதிகளை வெளியே விட்டு மண்டபத்தைப் பூட்டினார். மழை. ஐந்து மணிவரை வெளியே நின்றார்கள். ஒரு பிள்ளைக்குக் கழிப்பறை கொடுக்கவில்லை.”

டொச்சிலேதான் இருவரும் கதைத்தார்கள், அவர் படிப்பித்த டொச்சில்.

“இது உண்மையா?”

“இரண்டும்.”

“இந்த இரண்டாவதை ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லையே.”

“முதலாவதையும் ஒருவரும் கேட்கவில்லை.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கடதாசியோடு மடியில் வைத்தார். பாவம், கிழவனை இப்படி உலுக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றட்டும். ப்ளூமன்தாலுக்காக நாலு வருசம் குப்பை வாங்கின மனிசன், இதையும் தாங்குவார்.

“ஹோல்ட்காம்ப்பின் வரியை நான் போட முடியாது,” என்றார் கடைசியில். “இறந்தவரின் பெயரைக் குறையாக எழுதுவதென்றால் குடும்பம் சம்மதிக்க வேண்டும். சங்கத்தின் விதி. உல்ரிக்கே சம்மதிக்க மாட்டார்.”

“தேநீரை எழுதும்போது குடும்பத்தைக் கேட்டீர்களா?”

“அது நல்லதுதானே. நல்லதற்கு விதி இல்லை.” சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னுடைய வரிக்கு?”

“உங்களுடையதற்கு உங்கள் கையெழுத்து மட்டும் போதும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.” அவர் அவளுடைய கையைப் பிடித்தார். “ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருடைய வரி இல்லாமல் உங்களுடையது மட்டும் தொங்கினால் ஊர் என்ன நினைக்கும்? நூற்று முப்பது வருசத்தில் இந்தக் கதவை அகதிகளுக்குப் பூட்டினது ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரு தமிழ்ப் பெண் என்று. நிரோஜனுக்கும் நல்லதில்லை. முன்பக்கமே இருக்கட்டும், நகுலேஸ்வரி. நான் இன்னொரு பிரதி கொண்டுவந்திருக்கிறேன்.”

கொண்டுவந்திருந்தார், மழைக்கோட்டின் உள்பையில், பிளாஸ்டிக் உறைக்குள். அவள் அதைப் பார்த்தாள். எவ்வளவு துப்பரவான கடதாசி. இந்த ஊரில் நல்லது எழுத விதி இல்லை, கெட்டது எழுத விதி இருக்கிறது, அந்த விதிக்குள்ளாலும் ஒரே ஒரு ஆள்தான் நுழைய முடியும், அது தானாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. திருவிழாச் சிரிப்பு இல்லை, வேறு, அடிவயிற்றிலிருந்து வந்தது. அவள் கையை விடுவித்து, அவருடைய மடியிலிருந்து தன் கடதாசியை எடுத்து, முதலாவது வரியை விட்டுவிட்டு, இரண்டாவதுக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். திகதியும் போட்டாள்.

“இதை மட்டும் போடுங்கள்,” என்றாள்.

“ஃப்ரௌ சபாபதி.”

“போடுங்கள். வாசிக்கிறவர்கள் கேட்பார்கள், அகதியாக வந்தவள் அகதிக்குக் கதவைப் பூட்ட எங்கே பழகினாள் என்று. உல்ரிக்கேயும் கேட்கட்டும், என் மகனும் கேட்கட்டும். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு நான் இந்த வாங்கில்தான் இருப்பேன். அனுப்பிவிடுங்கள், நான் சொல்கிறேன்.”